அம்மாவை எங்கே உட்கார வைப்பாய்?

தாப்பா, பேராக், மலேசியா
ஞாயிறு இரவு

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. தம்பி வாரக் கடைசியில் ஈப்போவிலிருந்து வந்து போகிறான். வாசல் கொய்யா இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது.

பத்து நாள்களுக்கு முன் நீ பேசியபோது நான் சரியாகப் பேசவில்லை. "ஒரு சின்ன கார் பார்த்து வைத்திருக்கிறேன் அப்பா, மாஸ்டா எம்.எக்ஸ்.-5, 2001ஆம் ஆண்டு வண்டி, மேற்கூரையை மடிக்கலாம், இரண்டே இருக்கை" என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். உன் குரலில் அப்படி ஒரு துள்ளலைக் கேட்டு வெகுநாள் ஆகிறது. நானோ, "நாங்கள் இங்கிலாந்துக்கு வந்தால் அம்மாவை எங்கே உட்கார வைப்பாய்?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு நீ காரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. குளிரைப் பற்றிச் சொன்னாய், வாடகையைப் பற்றிச் சொன்னாய், வைத்துவிட்டாய். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் பட்டறையில் கார்களுக்கு அடியில் படுத்து வேலை செய்தவன் நான். மகள் முதல்முறையாக ஒரு காரின் மேல் ஆசைப்படுகிறாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. தொலைபேசியில் எனக்கு வார்த்தை வராது என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 1972இல் எனக்குப் பதினொரு வயது. நம் ரப்பர்த் தோட்டத்தின் உதவி நிர்வாகி, சின்னத் துரை என்போம், அவரிடம் எம்.ஜி.பி. என்ற பச்சை ஆங்கிலேயக் கார் ஒன்று இருந்தது. கூரையை மடித்துவிட்டு, தொப்பியோடு மலைமேட்டுப் பங்களாவிலிருந்து இறங்கி வருவார். சனிக்கிழமை அதைக் கழுவிக் கொடுத்தால் ஐம்பது காசு. எங்கள் லயத்திலிருந்து நானும் இன்னொரு பையனும் போவோம். ஒரு நாள் கழுவி முடித்ததும் என்னை ஏறிக்கொள்ளச் சொல்லி, ஆலை வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டார். இரண்டு மைல் செம்மண் சாலை. அதற்கு முன் நான் ஏறியதெல்லாம் தோட்டத்து லோரியின் பின்தட்டு. லோரியில் நின்றால் சாலை எங்கோ கீழே கிடக்கும். அந்தக் காரில் கையை நீட்டினால் மண்ணைத் தொடலாம் போலிருந்தது. ஒவ்வொரு குழியும் முதுகுத்தண்டில் வந்து பேசியது. ரப்பர்ப் பாலின் புளித்த வாடையும், மழை நனைத்த இலைகளின் வாசமும், புகைக்கொட்டகையின் நெடியும் ஒன்றன்பின் ஒன்றாக முகத்தில் அடித்தன. தினமும் பள்ளிக்கு நடந்த அதே சாலைதான். ஆனால் அன்றுதான் அதை முழுதாகப் பார்த்தேன். துரை வேகமாக ஓட்டவே இல்லை. மணிக்கு இருபது மைல்கூட இருக்காது.

சின்ன ஸ்போர்ட்ஸ் கார் என்றால் வேகம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். வேகம் வேண்டுமென்றால் இன்று எந்தப் பெரிய காரும் கொடுக்கும். நூற்று நாற்பதில் போனாலும் உள்ளே தேநீர் தளும்பாது. போகிறோம் என்பதே தெரியாது. சின்ன காரில் அறுபதிலேயே உனக்கு எல்லாம் தெரிந்துவிடும். சட்டத்துக்கு உட்பட்ட வேகத்திலேயே மனம் நிறைகிறது. அதனால்தான் இந்த வகைக் காரை நான் மதிக்கிறேன்.

நீ பார்த்திருக்கும் கார் அந்த எம்.ஜி.யின் வழியில் வந்தது. எம்.ஜி.பி.யும், நீ குடியிருக்கும் கோவென்ட்ரியிலேயே செய்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் 1962இல் பிறந்து, இரண்டும் 1980இல் நின்றுபோயின. ஆங்கிலேயர்கள் கைவிட்ட அந்த வகையை ஹிரோஷிமாவின் மாஸ்டாக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1989இல் சிகாகோ கண்காட்சியில் முதல் எம்.எக்ஸ்.-5 வந்தது. 1.6 லிட்டர் இயந்திரம், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. தலைமைப் பொறியாளர் தோஷிஹிக்கோ ஹிராய் அதற்கு வைத்த இலக்கு "ஜின்பா இத்தாய்", அதாவது குதிரையும் சவாரி செய்பவனும் ஓருடல். 2016இல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு காரைப் பத்து லட்சம் பேர் வாங்கியிருக்கிறார்கள் என்பதை நீ உன் அம்மாவிடமும் சொல்லலாம்.

அந்த முதல் தலைமுறைக் காரை நான் ஓட்டியிருக்கிறேன். தொண்ணூறுகளின் இறுதியில் ஒருவர் கிளட்ச் மாற்ற என்னிடம் கொண்டு வந்தார். விளக்குகள் தவளைக் கண்போல மேலே எழும்பும். பட்டறைப் பையன்கள் அதை ஏற்றி இறக்கியே பேட்டரியைத் தீர்த்தார்கள். வேலை முடிந்ததும் சோதனை ஓட்டமாக லாத்தா இஸ்கந்தார் அருவி வரை போனேன். கியர்த் தண்டு கைக்குள் அடங்கும் அளவுக்குக் குட்டை. மணிக்கட்டை லேசாக அசைத்தாலே போதும், கியர் விழும். முன் சக்கரங்களுக்குத் திருப்பும் வேலை மட்டும். தள்ளுவது பின் சக்கரங்கள். இயந்திரத்தை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்ததால் எடை முன்னும் பின்னும் சரிபாதியாகப் பிரிந்திருந்தது. உன் பாட்டி தோளில் கம்பு வைத்து இரண்டு பக்கமும் பால் வாளி சுமந்ததைச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? இரண்டு வாளியும் ஒரே அளவு நிறைந்திருந்தால் மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டமாக நடப்பாள். ஒன்று குறைந்தாலும் நடை இழுக்கும். அந்தக் காரை வளைவில் திருப்பியபோது எனக்குப் பாட்டியின் நடைதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் அதன் சொந்தக்காரர் இரண்டு வருடத்தில் விற்றுவிட்டார். நம் நாட்டில் மேற்கூரையைத் திறக்கக் காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும்தான் நேரம் உண்டு. பகலில் திறந்தால் தலை வெந்துவிடும். இருக்கைத் தோலில் உட்கார முடியாது. பிற்பகல் மழை சொல்லிவிட்டு வருவதில்லை. சந்தை வாசலில் நிறுத்திவிட்டுக் கீரை வாங்கித் திரும்பும் முன் உள்ளே குளம் கட்டியதை அவரே சொன்னார். துணிக்கூரையில் பூஞ்சை பிடித்தது. உனக்கு அந்தக் கவலை குறைவு. அங்கே வெயில் இதமானது. குளிர்காலத்திலும் கூரையை மடித்து, காலடியில் சூடான காற்றை ஓடவிட்டு, கம்பளித் தொப்பியோடு ஓட்டுகிறார்கள் என்று நீயே சொன்னாய். தலைக்குப் பனி, காலுக்கு அடுப்பு. கேட்கும்போதே எனக்கு ஆசையாக இருக்கிறது.

இனி என் சொந்தக் கார். சத்ரியா ஜி.டி.ஐ. உனக்கு நன்றாக நினைவிருக்கும். நம் நாட்டு புரோட்டோன் 1996இல் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான லோட்டஸை வாங்கிய பிறகு, லோட்டஸ் பொறியாளர்கள் ஸ்பிரிங், அதிர்வை அடக்கும் டேம்பர் எல்லாவற்றையும் சீர்செய்து கொடுத்த 1.8 லிட்டர் கார். 2005இல் பழைய வண்டியாக வாங்கினேன். ஞாயிறு விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து, கேமரன் மலைக்குப் போகும் கூட்டரசுச் சாலை 59இல் ரிங்லெட் வரை ஏறி, ஒரு தேநீர் குடித்துவிட்டு, நீங்கள் எழுவதற்குள் திரும்பிவிடுவேன். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை அறுபது கிலோமீட்டர் சொச்சம். நேரான துண்டு என்று சொல்ல அதில் எதுவுமே கிடையாது. வளைவுக்கு முன்பே பிரேக், மூன்றாவது கியர், பிறகு காலை நிலையாக வைத்துக்கொண்டு கண்ணை வளைவின் முடிவில் வைத்தால் கார் தானாகப் போய்ச் சேரும். மூங்கில் காட்டில் பனி இறங்கியிருக்கும். பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்கள் பெத்தாய்க் காய்க் கட்டுகளைச் சாலையோரம் தொங்கவிட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பட்டறைக் கடனும் யாருடைய மிச்ச பாக்கியும் என் மனத்துக்குள் நுழைந்ததில்லை. கை, கால், கண் மூன்றுக்கும் முழு வேலை இருந்தால் மனத்துக்கு ஓய்வு கிடைக்கிறது. உன் வேலையில் நாள் முழுவதும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாய். உனக்கு அது வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதற்குக் கொடுத்த விலையையும் எழுதுகிறேன். 1,834 சிசி என்பதால் சாலை வரி 297 ரிங்கிட், 1.6 லிட்டர் காராக இருந்தால் 90தான். அது சின்ன விஷயம். ஸ்பிரிங் இறுக்கம். தோட்டத்துச் சாலையில் போனால் பல்லோடு பல் மோதும். ஒவ்வொரு வேகத்தடையிலும் மூக்கு உரசும். அந்தக் காரின் இருக்கைகளுக்குத் திருட்டுச் சந்தையில் நல்ல விலை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் ஒரு காலை வாசலுக்கு வந்து பார்த்தபோது கண்ணாடி உடைந்து, உள்ளே வெறும் தரை கிடந்தது. ஒரு மாதம் பழைய இரும்புக் கடையில் வாங்கிய இருக்கையைப் போட்டு ஓட்டினேன்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது ஒன்று உண்டு. அந்தக் காருக்கு இரண்டே கதவு. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோவிலுக்குப் போகும்போது பாட்டி முன்னால் உட்காருவார். பெரியவர், அவருக்குத்தான் முன் இருக்கை. அம்மா இருக்கையை மடித்து, குனிந்து, பின்னால் நுழைந்து, உன்னையும் தம்பியையும் இரண்டு பக்கம் உட்கார வைத்து, பால்குடத்தை மடியில் பிடித்துக்கொண்டு வருவாள். முழங்கால் முன் இருக்கையில் முட்டிக்கொண்டிருக்கும். ஆறு வருடம். ஒரு தடவைகூட "இந்தக் காரை மாற்றுங்கள்" என்று அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. 2011இல் பீடோர்ப் பையன் ஒருவனுக்கு விற்றுவிட்டு நான்கு கதவுக் கார் வாங்கினேன். முதல்நாள் முன் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்தவள், "இவ்வளவு இடம் இருக்கிறதே" என்றாள். அந்தச் சொல் இன்னும் எனக்குள் கிடக்கிறது. உன்னிடம் நான் கேட்ட கேள்வி அங்கிருந்து வந்தது, கண்ணு. நான் என்னிடம் கேட்டிருக்க வேண்டியதை உன்னிடம் கேட்டுவிட்டேன். உன் மேல் வருத்தம் எதுவும் இல்லை.

எனவே வாங்கு. ஆனால் பார்த்து வாங்கு. இனி அப்பா பட்டறைக்காரனாகப் பேசுகிறேன்.

இருபது வருடத்துக்கு மேலான எம்.எக்ஸ்.-5இல் இயந்திரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதே; எண்ணெய் மாற்றினால் அது ஓடும். துருதான் அந்தக் காரின் எமன். கூரையில் விழும் மழைநீர் இருக்கைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள வடிகால் துளைகளில் இறங்கி, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் வெளியேற வேண்டும். இலையும் மண்ணும் அந்தத் துளையை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். கதவுக்கு அடியில் ஓடும் தகட்டுப் பெட்டி, சில் என்பார்கள், உள்ளிருந்து அரித்துப்போகும். வெளியே பளபளவென்று இருக்கும். அதன் மேல் பட்டி பூசி வண்ணம் அடித்து விற்பார்கள். ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போ. கதவின் பின்கோடியிலிருந்து பின் சக்கரம் வரை வைத்துப் பார். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை. உன் காரின் தலைமுறையில் முன்பக்கத்து நீள இரும்புச் சட்டங்களும், சேஸிஸ் கால்கள் என்பார்கள், துருப்பிடிக்கும். அது மேலே நின்று பார்த்தால் தெரியாது, காரை ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு. அங்கே பதிவு எண்ணைக் கொடுத்தாலே வருடாந்திரத் தகுதிச் சோதனையான எம்.ஓ.டி.யின் பழைய விவரங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாமே. துரு என்று எந்த வருடத்தில் முதலில் எழுதினார்கள் என்று படி. பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள் என்றாய். மேலே கழுவுவதைவிட அடியில் தண்ணீர் பீய்ச்சுவதுதான் முக்கியம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது கேள், வாய்ச்சொல் போதாது.

ஓட்டுவதில் இரண்டு சொல்கிறேன். ஒன்று, பின் சக்கரம் தள்ளும் கார். நீ இதுவரை ஓட்டியதெல்லாம் முன் சக்கரம் இழுக்கும் கார்கள். ஈரச் சாலையில் வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் திடீரென்று எடுத்தால், எடை முன்னால் பாயும், பின்பக்கம் பிடிப்பை இழந்து சுழலும். உதிர்ந்த இலை கிடக்கும் வட்டச் சந்திப்பில் முப்பது மைல் வேகத்திலேயே நடக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடு. உள்ளே போனபின் காலை மெதுவாக அசை. டயரில் பணத்தை மிச்சப்படுத்தாதே. முதல் மாதம் மழை நாளில் அனுபவம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகு.

இரண்டாவது, லோரி. கேமரன் மலைச் சாலையில் காய்கறி லோரி ஒன்று என்னைப் பார்க்காமல் ஒதுங்கி, பாறைப் பக்கமாக நெருக்கிவிட்டது. என் கூரை அதன் ஜன்னலுக்கும் கீழேதான் இருந்தது. ஓட்டுநரைக் குறை சொல்ல முடியாது; அவர் கண்ணாடியில் நான் இல்லவே இல்லை. அன்றிலிருந்து லோரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் எனக்குத் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியாவிட்டால் அவருக்கு நானும் தெரியவில்லை என்று பின்வாங்கிவிடுவேன். அங்கே ஐரோப்பாவிலிருந்து வரும் லோரிகளுக்கு ஸ்டீயரிங் இடதுபக்கம். நீ வலப்பக்கமாக முந்தும்போது அவர்களுக்குக் குருட்டு இடத்தில்தான் இருப்பாய். அந்த இடத்தில் தங்காதே. இடம் கிடைத்ததும் முந்திவிடு, அல்லது பின்னாலேயே இரு.

மற்றவை சின்னவை. ஈரமான கூரையை மடித்து வைக்காதே. துணிக்கூரையைக் கத்தியால் கிழித்துத் திறப்பவர்கள் உண்டு. இருக்கையில் பை, கோட்டு எதையும் விட்டுப் போகாதே. காரின் பின்பெட்டியில் ஒரு வார மளிகை பிடிக்கும். வீடு மாற்றுவதானால் வேறு வண்டி பார்த்துக்கொள்.

நேற்று இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தத் தைப்பூசத்தையும் சேர்த்து. கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "அந்தத் துரை கார் மாதிரி மேலே திறக்குமா?" என்று கேட்டாள். திறக்கும் என்றேன். "இரண்டு இருக்கை என்றால் ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. நீங்கள் பஸ்ஸில் வாருங்கள்" என்றாள். ஜூன் மாதம் வரும்போது தலைக்குக் கட்ட ஒரு பருத்தித் துண்டைக்கூட எடுத்து வைத்துவிட்டாள்.

இதோடு ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். முறுக்கும் புளிச்சட்டினிப் பொடியும் அம்மா வைத்தது. நீளமாகச் சுருட்டி வைத்திருப்பது ஜன்னல் திரை கட்டும் ஸ்பிரிங் கம்பி. வளையும், குத்திக் கிழிக்காது. அந்த வடிகால் துளைகளுக்கு அதுதான் சரி. கார் வந்ததும் இரண்டு பக்கமும் மெதுவாக விட்டு எடு. பிறகு ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, பின் சக்கரத்துக்கு முன்னால் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா